'24 ஹவர் பார்ட்டி பீப்பிள்' பாடல் தொகுப்பு: எந்த வரிசையில், எந்தப் பதிவில் கேட்பது?

கேள்வி இது: 2002-இல் வந்த '24 ஹவர் பார்ட்டி பீப்பிள்' படத்தின் பாடல் தொகுப்பு, மான்செஸ்டர் நகரத்தின் பங்க் இசையையும் (வேகமும் இரைச்சலுமான எளிய ராக்) நடன இசையையும் புதிதாகத் தெரிந்துகொள்ள ஏற்றதா? மான்செஸ்டர் கதையில் லண்டன் குழுக்களும் ஒரு சிகாகோக்காரரும் எப்படி வந்தார்கள்? ஒரே பாட்டுக்கு நாலைந்து பதிவுகள் கிடைக்கின்றன, எதை எடுப்பது?

ஏற்றதுதான். ஆனால் வட்டில் இருக்கும் வரிசையிலேயே கேட்டால் பாதி விஷயம் நழுவிவிடும். ஆண்டு வரிசைக்கு மாற்றி, பாடகரை விட்டுவிட்டு டிரம்மை மட்டும் காதில் வைத்துக் கேளுங்கள். பங்க் குழுக்களின் ஊர் பத்தே ஆண்டுகளில் ஹவுஸ் இசையின் (சிகாகோ கிளப்களில் பிறந்த மின்னணு நடன இசை) ஊராக மாறியது எப்படி என்பதற்கான விடை அந்த டிரம்மில்தான் இருக்கிறது.

முதலில் இது என்ன மாதிரித் தொகுப்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் படப் பாடல்களைப் போல ஓர் இசையமைப்பாளர் படத்துக்கென்று போட்ட பாட்டுகள் இல்லை இவை. பெரும்பாலும் ஏற்கெனவே வெளிவந்த இசைத்தட்டுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த 18 பாட்டுகள். படத்துக்காகப் புதிதாக எழுதியது நியூ ஆர்டரின் 'ஹியர் டு ஸ்டே' ஒன்றுதான். படத்தை இயக்கியவர் மைக்கேல் விண்டர்பாட்டம். டோனி வில்சன் என்ற கிரானடா தொலைக்காட்சி அறிவிப்பாளராக ஸ்டீவ் கூகன் நடித்தார். வில்சன்தான் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தையும் ஹாசியெண்டா கிளப்பையும் தொடங்கியவர்களில் முன்னால் நின்றவர். படம் 1976-இல் தொடங்கி, ஃபேக்டரி 1992-இல் திவாலாவதைத் தாண்டி, கிளப் மூடப்படுவது வரை போகிறது.

வட்டில் வரிசை இப்படித் தொடங்கும்: செக்ஸ் பிஸ்டல்ஸின் 'அனார்க்கி இன் த யூ.கே.' (1976), உடனே ஹாப்பி மண்டேஸின் தலைப்புப் பாட்டு (1987, அதுவும் ஜான் கார்ட்டர் செய்த மறுகலவையில், அதாவது ரீமிக்ஸில்), அடுத்து ஜாய் டிவிஷனின் 'டிரான்ஸ்மிஷன்' (1979). விருந்தில் கேட்க இந்தக் குதிப்பு நன்றாகவே இருக்கிறது. விஷயம் புரியவேண்டுமானால் இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: 'அனார்க்கி', கிளாஷின் 'ஜேனி ஜோன்ஸ்' (1977), பஸ்காக்ஸின் 'எவர் ஃபாலன் இன் லவ்' (1978), ஜாய் டிவிஷனின் 'ஷீ'ஸ் லாஸ்ட் கண்ட்ரோல்', 'டிரான்ஸ்மிஷன்' (இரண்டும் 1979), 'அட்மாஸ்ஃபியர்', 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' (இரண்டும் 1980), நியூ ஆர்டரின் 'டெம்ப்டேஷன்' (1982), 'புளூ மண்டே' (1983), மார்ஷல் ஜெஃபர்சனின் 'மூவ் யுவர் பாடி' (1986), மண்டேஸின் தலைப்புப் பாட்டு, ஏ கை கால்டு ஜெரால்டின் 'வூடூ ரே' (1988), 808 ஸ்டேட்டின் 'பசிபிக் ஸ்டேட்', டுரூட்டி காலமின் 'ஓட்டிஸ்', மண்டேஸின் 'ஹல்லெலூயா' (மூன்றும் 1989), அவர்களுடைய 'லூஸ் ஃபிட்' (1990), கடைசியில் 'ஹியர் டு ஸ்டே' (2002).

எண்ணிப் பார்த்தால் 17 வரும். விட்டது 'நியூ டான் ஃபேட்ஸ்'. 2001-இல் மோபி, நியூ ஆர்டர், பில்லி கார்கன் எல்லோரும் ஒரே மேடையில் சேர்ந்து பாடிய நேரடிப் பதிவு அது. நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். பாட்டாகக் கேட்க, 1979-இல் வந்த ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பமான 'அன்நோன் பிளெஷர்ஸ்'-இல் இருக்கும் மூலமே போதும். அதை 'ஷீ'ஸ் லாஸ்ட் கண்ட்ரோல்' பக்கத்தில் சேருங்கள்.

இனி லண்டன்காரர்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் வாசித்தார்கள். ஏற்பாடு செய்தவர்கள் பஸ்காக்ஸ் குழுவின் ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும். பார்வையாளர் 42 பேர் என்கிறது படம். அன்று அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்களை எல்லாம் கூட்டினால் அந்த அரங்கு தாங்காது. பின்னால் ஜாய் டிவிஷனைத் தொடங்கிய பீட்டர் ஹுக்கும் பெர்னார்ட் சம்னரும் இருந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. ஹுக் மறுநாளே போய் பேஸ் கிட்டார் வாங்கினார். ஜூலை 20 அன்று பிஸ்டல்ஸ் மறுபடி வந்தபோது பஸ்காக்ஸும் மேடை ஏறிவிட்டார்கள். ஆக 'அனார்க்கி' இந்தத் தொகுப்பில் இருப்பது, அந்தப் பாட்டு மான்செஸ்டர் பாட்டு என்பதால் அல்ல, மான்செஸ்டரில் அது தூண்டிவிட்டது என்ன என்பதற்காக. கிளாஷுக்கும் கணக்கு உண்டு: 1976 டிசம்பரில் பிஸ்டல்ஸோடு அவர்கள் எலெக்ட்ரிக் சர்க்கஸ் கிளப்புக்கு வந்தார்கள், 1977 நவம்பரில் பெல் வ்யூ அரங்கில் அவர்கள் வாசித்ததை வில்சனின் 'சோ இட் கோஸ்' நிகழ்ச்சி படம் பிடித்தது.

பஸ்காக்ஸைப் பொறுத்தவரை தொகுப்பில் இருக்கும் பாட்டு அருமையான பாட்டு, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12-ஆம் இடம் வரை போனது. ஆனால் கதைக்கு முக்கியமானது தொகுப்பில் இல்லாத அவர்களின் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. சுமார் 500 பவுண்ட் கடன் வாங்கி, 1976 டிசம்பர் 28 அன்று பதிவு செய்து, நியூ ஹார்மோன்ஸ் என்று சொந்தமாக ஒரு லேபிள் பெயர் வைத்து, 1977 ஜனவரியில் 1,000 பிரதிகள் அச்சடித்தார்கள். பதிவுக்கு மூன்று மணி நேரம், கலவைக்கு இரண்டு மணி நேரம். எந்தப் பாட்டு எத்தனையாவது முயற்சியில் தேறியது என்பதைக்கூட உறையிலேயே அச்சிட்டார்கள். இசைத்தட்டு போட லண்டன் கம்பெனி வாசலில் நிற்க வேண்டியதில்லை, செலவுக் கணக்கு இவ்வளவுதான் என்று ஊருக்கே காட்டிய தட்டு அது. அதைப் பதிவு செய்தவர் பெயர் 'மார்ட்டின் ஸீரோ' என்று போட்டிருக்கும். அவர்தான் பின்னால் ஜாய் டிவிஷனின் தயாரிப்பாளரான மார்ட்டின் ஹானெட்.

ஹானெட்டிலிருந்துதான் டிரம் கதை ஆரம்பம். முதல் மூன்று பங்க் பாட்டுகளில் டிரம், கிட்டாரின் இரைச்சலோடு ஒட்டிக் கிடக்கும். ஓர் அறையில் நாலு பேர் ஒரே நேரத்தில் அடிக்கும் ஓசை. ('ஜேனி ஜோன்ஸ்' தொடக்கத்தில் டிரம் மட்டும் தனியாக வரும் சில நொடிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஏற்கெனவே ஓர் ஆட்டம் இருக்கிறது.) அடுத்து 'ஷீ'ஸ் லாஸ்ட் கண்ட்ரோல்' போட்டால் வேறு உலகம். 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் பதிவானது. டிரம் வாசித்த ஸ்டீஃபன் மோரிஸை ஹானெட் ஒவ்வொரு துண்டாக அடிக்க வைத்தார்: கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) தனி, ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்) தனி, ஹை-ஹாட் (ஜோடி உலோகத் தட்டு) தனி. ஒரு மைக்கின் ஒலி இன்னொரு மைக்கில் கசியக்கூடாது என்பது அவர் பிடிவாதம். கசிவு இருந்தால் ஸ்னேருக்கு மட்டும் எதிரொலி கொடுக்க முடியாது. கொடுத்தால் கிக்கும் சேர்ந்து எதிரொலிக்கும், எல்லாம் குழம்பிவிடும். பிரித்து எடுத்தால் ஒவ்வொன்றையும் தனித்தனி அறையில் நிற்பதுபோல் வைக்கலாம். அப்போது புதிதாக வந்திருந்த ஏஎம்எஸ் நிறுவனத்தின் டிஜிட்டல் டிலே என்ற எதிரொலிக் கருவியை அவர் இதற்குத்தான் பயன்படுத்தினார். இந்தப் பாட்டில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் தாளத்தோடு வருமே, அது ஸ்ப்ரே டப்பாவை அமுக்கிப் பதிந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கையும் காலும் சேர்ந்து அடிக்கும் டிரம்மரின் உடல் தாளம் இப்படித் துண்டு போட்டால் போய்விடும். மேடையில் தாங்கள் வாசிக்கும் வெறி இந்த ஆல்பத்தில் இல்லையே என்று ஹுக்கும் சம்னரும் அப்போதே குறைபட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம். ஹானெட் செய்ததும் சரி. மனிதனை இயந்திரம்போல் அடிக்க வைத்துவிட்டால், அடுத்த கட்டத்தில் இயந்திரத்தையே அடிக்க விடுவது பெரிய தாண்டல் இல்லை. படத்தில் ஹானெட், மோரிஸை டிரம்மோடு மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டு மறந்துபோகும் காட்சி வருகிறது. சிரிப்புக்காக ஊதிப் பெருக்கியதுதான். ஆனாலும் பிரித்து வைக்கும் அந்தப் பைத்தியத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறது.

'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' கேட்கும்போது பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள். மெட்டை எடுத்துப்போவது அதுதான், கிட்டார் இல்லை. ஒத்திகையில் சம்னரின் கிட்டார் சத்தத்துக்கு நடுவே தன் மலிவான ஆம்ப்பில் கீழ் சுருதிகள் காதில் விழாததால் ஹுக் மேல் தந்திகளுக்கு ஏறினார், அப்படியே பழகிவிட்டது. இந்தப் பழக்கத்துக்கு யாரும் எதிர்பாராத பலன் ஒன்று கிடைத்தது: பேஸ் மேலே போய்விட்டதால் கீழே இடம் காலியானது. பின்னால் அந்த இடத்தில் சிந்தசைஸர் பேஸ் வந்து உட்கார்ந்தபோது இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. நியூ ஆர்டரின் நடனப் பாட்டுகள் எல்லாவற்றிலும் கேட்கும் அடுக்கு இதுதான்: கீழே இயந்திர பேஸ், மேலே ஹுக்.

ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். மீதி மூவரும் கில்லியன் கில்பர்ட்டைச் சேர்த்துக்கொண்டு நியூ ஆர்டர் ஆனார்கள். 'டெம்ப்டேஷன்' இரண்டுக்கும் நடுப்பாலம்: மோரிஸ் கையால் அடிக்கிறார், அடியில் சீக்வென்சர் (உள்ளிட்ட சுருதிகளைத் தானே வாசிக்க வைக்கும் கருவி) கொதித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டும் அங்கங்கே லேசாக இழுபடும். அந்த இழுபறிதான் பாட்டின் உயிர் என்பது என் கருத்து.

'புளூ மண்டே'க்கு வந்தால் டிரம்மர் கை விலகிவிட்டது. தாளம் ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் மெஷின், பேஸ் மூக் சோர்ஸ் சிந்தசைஸர், அதை ஓட்டியது உதிரிப் பாகங்களை வாங்கி சம்னர் தானே பற்றவைத்துக் கட்டிய சீக்வென்சர். வேகம் நிமிடத்துக்கு 130 அடி, அதாவது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 0.46 நொடி. அன்றைய சீக்வென்சரில் மெட்டை வாசித்துப் பதிய முடியாது. ஒவ்வொரு சுருதியையும் ஒவ்வொரு மௌனத்தையும் படிப்படியாக எண்களாக உள்ளிட வேண்டும். கில்பர்ட் முழுப் பாட்டையும் தாள்களில் எழுதி, தாள்களை ஒட்டி நீள விரித்துப் பார்த்து உள்ளிட்டார். அதில் ஒரு சுருதி விடுபட்டுப்போனது. விளைவு, மேல் மெட்டு தாளத்திலிருந்து ஒரு படி தள்ளி ஓடுகிறது. கேட்டுப் பாருங்கள்: சிந்தசைஸர் மெட்டு நுழையும்போது காலடி ஒரு கணம் தடுமாறும். திருத்தாமல் விட்டது பெரிய புத்திசாலித்தனம். இன்னொரு ஆபத்தும் அந்தக் காலக் கருவிகளுக்கு உண்டு: மின்கம்பி பிடுங்கிக்கொண்டால் நினைவகம் காலி. டிரம் மெஷினில் போட்ட முதல் வடிவம் அப்படித்தான் அழிந்தது, மறுபடி போட வேண்டியிருந்தது.

1983 மார்ச் 7 அன்று 12 அங்குலத் தட்டாக மட்டும் வந்தது. நீளம் 7 நிமிடம் 29 நொடி. 12 அங்குலத்தில் பள்ளங்களை அகலமாக வெட்டலாம், அதனால் கிக்கும் பேஸும் கிளப் ஒலிபெருக்கியில் தடித்து ஒலிக்கும். 7 அங்குலத் தட்டில் இந்த நீளத்தைத் திணித்தால் ஒலி மெலிந்துவிடும். பீட்டர் சாவில் வடிவமைத்த உறை ஃபிளாப்பி வட்டு மாதிரி துளைகள் வெட்டப்பட்டது, பாட்டின் பெயர்கூட எழுத்தில் கிடையாது, வண்ணக் கட்டங்களாகச் சங்கேதத்தில் இருக்கும். அந்த உறையின் செலவால் ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் ஃபேக்டரிக்கு நஷ்டம் என்பார்கள். எத்தனை பென்ஸ் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். பிரிட்டனில் அதிகம் விற்ற 12 அங்குலத் தட்டு அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வில்சனின் வியாபார மூளை எப்படிப்பட்டது என்று புரியும்.

நியூ ஆர்டர் சம்பாதித்த பணமும் ஃபேக்டரியின் மற்ற பணமும் போய்ச் சேர்ந்த இடம் ஹாசியெண்டா. 1982 மே 21 அன்று விட்வொர்த் ஸ்ட்ரீட் வெஸ்ட்டில், பழைய படகு விற்பனைக் கூடம் ஒன்றில் திறந்தார்கள். உள்வடிவமைப்பு பென் கெல்லி. ஃபேக்டரியின் வரிசை எண்ணில் ஃபேக் 51. (அவர்கள் தட்டுக்கு மட்டும் எண் கொடுக்கவில்லை. ஃபேக் 1 ஒரு சுவரொட்டி. கிளப் வேண்டாம், அந்தக் காசில் ஃபேர்லைட் சாம்ப்ளர் (ஒலிகளைப் பதிந்து இசையாக வாசிக்கும் கருவி) வாங்குங்கள் என்று சண்டைபோட்ட ஹானெட் தொடுத்த வழக்குக்கு ஃபேக் 61. வில்சன் 2007-இல் இறந்தபோது அவர் சவப்பெட்டிக்கு ஃபேக் 501. இந்தப் படத்துக்கு ஃபேக் 401.) செங்கல், இரும்பு, உயரக் கூரை. பார்க்க அழகு, கேட்க அவதி. நேரடி இசைக் குழுக்கள் வாசித்தால் ஒலி சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த அடியை மூழ்கடிக்கும். டிஜே நிற்கும் இடமோ ஆரம்பத்தில் மேடைக்குப் பக்கத்தில் தாழ்வான ஓர் அறை. ஆடுகிறவர்களை அவர் சரியாகப் பார்க்கக்கூட முடியாது. பிறகுதான் மாடத்துக்கு மாற்றினார்கள். முதல் சில ஆண்டுகள் கிளப் பெரும்பாலும் காலியாகக் கிடந்தது.

நிரப்பியது சிகாகோ. கிளப்பின் டிஜே மைக் பிக்கரிங் வெள்ளிக்கிழமை 'நியூட்' இரவுகளில் அங்கிருந்து வந்த ஹவுஸ் தட்டுகளைப் போடத் தொடங்கினார். 'மூவ் யுவர் பாடி' தொகுப்பில் இருப்பதற்குக் காரணம் இதுவே. அப்போது சிகாகோவில் தபால் துறையில் வேலை பார்த்த மார்ஷல் ஜெஃபர்சனுக்குப் பியானோ அவ்வளவாக வராது. மிக மெதுவான வேகத்தில் வாசித்துப் பதிந்து, பிறகு வேகத்தைக் கூட்டினார். கேட்கும்போது கைதேர்ந்தவர் வாசித்ததாகத்தான் தோன்றும். பஸ்காக்ஸ் மூன்று மணி நேரத்தில் பதிந்ததும் இதுவும் ஒரே ஜாதி: வித்தை தெரியும்வரை காத்திருக்காத ஆட்கள், கையில் கிடைத்த கருவி. ஒலிதான் வேறு.

'வூடூ ரே' அந்தச் சிகாகோ அலைக்கு மான்செஸ்டர் கொடுத்த பதில், இந்தத் தொகுப்பிலேயே சிறந்த பாட்டு என்றும் சொல்வேன். ஜெரால்ட் சிம்ப்சன் 1988-இல் செய்தது. ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் தாளம், டிபி-303 சிந்தசைஸரின் பேஸ், நிக்கோலா காலியரின் குரல். நடுவில் வரும் ஆண் குரல் ஒரு பழைய நகைச்சுவைத் தட்டிலிருந்து எடுத்தது. மூலச் சொல் 'வூடூ ரேஜ்'. சாம்ப்ளரின் நினைவகம் தீர்ந்துபோய் கடைசி எழுத்து வெட்டுப்பட, பாட்டின் பெயரே 'ரே' ஆனது. முதலில் அச்சடித்த 500 பிரதிகள் உடனே தீர்ந்தன. மறு ஆண்டு பிரிட்டிஷ் பட்டியலில் 12-ஆம் இடம். ஜெரால்ட் முதலில் 808 ஸ்டேட்டில் இருந்தவர். 'பசிபிக் ஸ்டேட்' பாட்டில் அவர் பங்கு எவ்வளவு என்பதில் அவர் விலகிய பிறகு தகராறு வந்தது. அதில் கேட்கும் சாக்ஸஃபோன் கிரஹாம் மாஸ்ஸி வாசித்தது, பறவைச் சத்தம் சாம்ப்ளரில் கூடவே வந்த ஒலி நூலகத்திலிருந்து எடுத்தது.

கடைசிக் கட்டம் ஹாப்பி மண்டேஸ். தலைப்புப் பாட்டு அவர்களுடைய 1987 முதல் ஆல்பத்தில் முதலில் கிடையாது. 'டெஸ்மண்ட்' என்ற பாட்டு பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை அதிகம் ஒத்திருந்ததால் அதை எடுத்துவிட்டு இதைச் சேர்த்தார்கள். ஆக, படத்தின் பெயரே ஒரு மாற்று ஆட்டக்காரர். 'ஹல்லெலூயா'வின் மூலப் பதிவு ஹானெட் செய்தது; தொகுப்பில் இருப்பது பால் ஓக்கன்ஃபோல்டும் ஆண்ட்ரூ வெதராலும் செய்த கிளப் மிக்ஸ். வேகம் சுமார் 100 அடிக்கு இறங்கிவிட்டது, தாளம் தளர்வாக உருள்கிறது, மனிதர்கள் திரும்ப வந்துவிட்டார்கள், ஆனால் இயந்திரத்தோடு சேர்ந்து வாசிக்கக் கற்றுக்கொண்ட மனிதர்கள். 'ஷீ'ஸ் லாஸ்ட் கண்ட்ரோல்' முடிந்த கையோடு இதைப் போட்டுப் பாருங்கள். ஒரே தயாரிப்பாளர் தொட்ட இரண்டு பாட்டுகள், நடுவில் பத்து ஆண்டு.

இனி எந்தப் பதிவு என்ற சிக்கல். 'புளூ மண்டே' 7:29 இருக்கிறதா பாருங்கள். நாலு நிமிடத்துக்குப் பக்கம் என்றால் வெட்டியது; '1988' என்று போட்டிருந்தால் பின்னால் செய்த மறுகலவை, தாளமே வேறு. 'டெம்ப்டேஷன்' 1982-இன் 12 அங்குலப் பதிவு ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 'சப்ஸ்டன்ஸ்' தொகுப்பில் இருப்பது 1987-இல் மறுபடி வாசித்துப் பதிந்தது, ஏழு நிமிடத்துக்கு அருகில். அது சுத்தமாக இருக்கிறது, ஆனால் மேலே சொன்ன இழுபறி அதில் இல்லை. 'ஷீ'ஸ் லாஸ்ட் கண்ட்ரோல்' ஆல்பப் பதிவு நாலு நிமிடத்துக்குள். 1980-இன் 12 அங்குலப் பதிவில் கூடுதல் வரிகள் வரும். டிரம்மைக் கேட்க ஆல்பப் பதிவே நல்லது. 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' ஒற்றைத் தட்டின் இரண்டு பக்கங்களிலும் இரண்டு பதிவுகளாக வந்தது. எல்லோருக்கும் தெரிந்தது ஸ்ட்ராபெரி ஸ்டுடியோ பதிவு, 'பென்னைன்' என்று போட்டிருந்தால் இன்னொன்று. 'பசிபிக்' என்ற பெயருக்குப் பின்னால் 202, 707 என்று எண் இருந்தால் அவை வேறு வேறு கலவைகள். 'ஹல்லெலூயா'வில் 'மெக்கால் மிக்ஸ்' என்று ஒன்று உண்டு, அது வானொலிக்கு ஏற்ற சுருக்கம்.

தொகுப்பை முழு ஆல்பமாகத் தேடுவதைவிட நீங்களே பட்டியல் போட்டுக்கொள்வது மேல். இப்படிப்பட்ட தொகுப்புகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு உரிமைகள்: எழுதியவருடையது ஒன்று, ஒலிப்பதிவை வைத்திருப்பவருடையது ஒன்று. படத்தில் பயன்படுத்த வாங்கிய அனுமதி வட்டுக்குச் செல்லாது, வட்டுக்கு வாங்கியது இணையத்துக்குச் செல்லாது. பல கம்பெனிகளின் பாட்டுகள் கலந்திருப்பதால் ஒன்றிரண்டு எப்போது வேண்டுமானாலும் உதிரும். இந்த வட்டை வெளியிட்டது லண்டன் ரெக்கார்ட்ஸ், ஃபேக்டரி கவிழ்ந்தபின் அதன் முக்கியப் பதிவுகள் போய்ச் சேர்ந்த இடம். அவர்கள் ஃபேக்டரியை வாங்க வந்தபோதுதான், குழுக்களோடு முறையான ஒப்பந்தமே கிடையாது, 'எல்லாம் இசைக்கலைஞர்களுக்கே சொந்தம், கம்பெனிக்கு ஒன்றும் இல்லை' என்ற காகிதம்தான் இருக்கிறது என்பது தெரியவந்தது. படத்தில் அந்தக் காட்சி வரும்.

தொகுப்பின் குறை ஒன்று பெரியது. 'புளூ மண்டே'யிலிருந்து (1983) 'மூவ் யுவர் பாடி'க்கு (1986) ஒரே தாவு. நடுவே இருந்த ஃபங்க் (பங்க் அல்ல, கறுப்பின அமெரிக்கர்களின் நடன இசை), எலெக்ட்ரோ (அதன் மின்னணு வடிவம்) காலமும், அதை ஊருக்குள் கொண்டுவந்த கறுப்பின டிஜேக்களும் ஆட்டக்காரர்களும் காணவில்லை. ஹாசியெண்டாவின் முதல் நிலையான டிஜே ஹீவன் கிளார்க். லெஜெண்ட் கிளப்பில் எலெக்ட்ரோ போட்ட கிரெக் வில்சன் 1983-இல் ஹாசியெண்டாவிலும் வெள்ளிக்கிழமை நடன இரவு நடத்தினார். இவர்கள் இல்லாமல் பிக்கரிங்கின் ஹவுஸ் இரவுக்குக் கூட்டம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஸ்மித்ஸ், ஸ்டோன் ரோசஸ் இல்லாதது எனக்குக் குறையாகப் படவில்லை. அவர்கள் ஃபேக்டரி குழுக்கள் இல்லை, எங்கேயும் கிடைப்பார்கள். ஏ செர்ட்டன் ரேஷியோ இல்லாதது குறை. படத்திலேயே வருகிறார்கள், வட்டில் இல்லை.

ஓட்டையை அடைக்க ஐந்து பாட்டுகள் சேருங்கள். ஏ செர்ட்டன் ரேஷியோவின் 'ஷாக் அப்' (1980) 'அட்மாஸ்ஃபியர்' பின்னால் போகட்டும். ஜாய் டிவிஷன் காலத்திலேயே இவர்கள் ஃபங்க் வாசித்துக்கொண்டிருந்தது தெரியும். அடுத்து நியூயார்க்கின் ஈஎஸ்ஜி குழுவை ஹானெட் பதிந்து 1981-இல் ஃபேக்டரி வெளியிட்ட தட்டிலிருந்து 'மூடி'. பிக்கரிங்கின் சொந்தக் குழுவான குவாண்டோ குவாங்கோவின் 'லவ் டெம்போ' (1983) 'புளூ மண்டே'க்குப் பிறகு. செக்ஷன் 25-இன் 'லுக்கிங் ஃப்ரம் எ ஹில்டாப்' (1984) அதற்கும் பிறகு. அதைத் தயாரித்ததில் சம்னருக்கும் பங்கு உண்டு. பிக்கரிங்கும் ஏ செர்ட்டன் ரேஷியோவில் இருந்த சைமன் டாப்பிங்கும் ரிச்சி குளோஸும் சேர்ந்து செய்த டி-காயின் 'கரினோ' (1987), 'மூவ் யுவர் பாடி' முடிந்தவுடன். பிரிட்டனில் உருவான ஆரம்ப ஹவுஸ் தட்டுகளில் அதுவும் ஒன்று.

முடிவில் வரும் 'ஹியர் டு ஸ்டே' சுமாரான பாட்டு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. தயாரித்தவர்கள் யார் என்று பார்த்தால் அது ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும்: கெமிக்கல் பிரதர்ஸ். டாம் ரோலண்ட்ஸும் எட் சைமன்ஸும் 1989-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து சந்தித்துக்கொண்டவர்கள், ஹாசியெண்டாவில் ஆடியவர்கள். கிளப்பின் நஷ்டத்தைத் தாங்கிய குழுவுக்கு, அந்தக் கிளப்பில் ஆடிய மாணவர்கள் இசை தயாரித்துக் கொடுக்கிறார்கள்.

கேட்கும் முறை பற்றிக் கொஞ்சம். கைபேசி ஒலிபெருக்கியில் ஹுக்கின் பேஸ் கேட்கும், 808-இன் கிக் கேட்காது. அதன் அடி ஒலி 50 ஹெர்ட்ஸ் அருகில் கிடக்கிறது. 'வூடூ ரே'யை அப்படிக் கேட்டுவிட்டு இதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், ஹெட்ஃபோனாவது வேண்டும். 1976 முதல் 2002 வரையிலான பதிவுகளை ஒன்றாக அடுக்குவதால் ஒலி அளவு மேலும் கீழும் போகும், ஆகவே செயலியில் ஒலி அளவைச் சமன் செய்யும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டுகளை ஒன்றோடொன்று கலந்து இழைக்கும் கிராஸ்ஃபேட் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். 'புளூ மண்டே' வெறும் கிக்கோடு தொடங்குவதால், அதைப் போட்டால் முதல் சில அடிகள் 'டெம்ப்டேஷ'னின் வாலுக்குள் போய்விடும்.